இன்சுலின் பம்பு போட்டவர்கள் சுகர் பார்ப்பது: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி, மீட்டர், பம்பு எல்லாம் பழக்கிக் கொடுப்பது என் வேலை. பம்பு போட்டவர்கள் நம் பக்கம் இன்னும் குறைவுதான். பெரும்பாலும் டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை) பிள்ளைகள், கொஞ்சம் பெரியவர்கள். பம்பை மாட்டி செட்டிங் வைத்துத் தருவது மதுரையிலோ சென்னையிலோ நடக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிற சந்தேகமெல்லாம் எனக்கு ஃபோனில் வரும். பாம்பனிலிருந்து கேட்டாலும் தொண்டியிலிருந்து கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அவரவர் கேட்டபடியே எழுதிப் பதிலையும் போட்டிருக்கிறேன்.

சுகர் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிற நம் ஊர்க் கணக்கு. உங்கள் பேசல் அளவு, எவ்வளவு மாவுச்சத்துக்கு எத்தனை யூனிட் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் வைத்தது. இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள்.

பம்பு போட்டாச்சு. இனிமே விரல்ல குத்துற வேலை இல்லதானே சிஸ்டர்?

இருக்கிறது. பம்பு இன்சுலினைத் தள்ளும் கருவி. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாள் முழுக்கத் துளித்துளியாகப் போவது பேசல், சாப்பாட்டுக்கு நீங்கள் பட்டன் அழுத்திப் போடுவது போலஸ். இரண்டுக்கும் ஒரே இன்சுலின்தான், வேகமாக வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகிற வகை. முன்பு ராத்திரியில் போட்டுக்கொண்டிருந்த நீண்ட நேர இன்சுலின் இப்போது உடம்பில் கிடையாது.

அதனால்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊசிக் காலத்தில் ஒரு வேளை தவறினாலும் நீண்ட நேர இன்சுலின் அடியில் தாங்கிக்கொண்டிருக்கும். பம்பில் அந்தக் கையிருப்பு இல்லை. ட்யூப் மடங்கினாலோ, தோலுக்குள் இருக்கும் சின்னக் குழாய் நழுவினாலோ இரண்டு மூன்று மணி நேரத்தில் சுகர் ஏற ஆரம்பித்துவிடும். இன்னும் சில மணி நேரம் விட்டால் இரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் சேரும். தோலில் ஒட்டிக்கொண்டு சுகரை விடாமல் காட்டும் சென்சார் இருந்தால் குத்துவது குறையும். பார்ப்பது குறையாது.

அப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தெந்த நேரத்துல?

சென்சார் இல்லாதவர்கள்: ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால், படுக்கப் போகும்போது, வண்டி ஓட்டும் முன்னால், கடினமான வேலைக்கு முன்னும் பின்னும், உடம்புக்கு ஏதோ மாதிரி இருக்கும்போதெல்லாம். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் போலஸ் சரியாக விழுந்ததா என்று தெரியும். கூட்டினால் 6 முதல் 10 தடவை வரும். பேசல் புதிதாக மாற்றியிருந்தால் சில நாளைக்கு ராத்திரி 3 மணிக்கும் பார்க்கச் சொல்வார்கள்.

ஸ்ட்ரிப் செலவு பெரிய செலவுதான், தெரியும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன் என்கிற நான்கையும் விடாதீர்கள். செட் (பம்பிலிருந்து தோலுக்கு வரும் ட்யூபும் சின்னக் குழாயும்) மாற்றிய பிறகு பார்க்க வேண்டியதையும் விடக்கூடாது. அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு இருந்தா நல்ல சுகர்?

பொதுவாகப் பெரியவர்களுக்குச் சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-ஐத் தாண்டாமல். சென்சார் போட்டவர்களுக்கு 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், 54-க்குக் கீழே 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. 70 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 17 மணி நேரம். மிச்ச 7 மணி நேரம் மேலே போவது எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஒரு 220-ஐப் பார்த்துவிட்டு பிள்ளையைத் திட்டாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் இலக்கு வேறு, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரல்ல 140, அதே நேரம் சென்சார்ல 115. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. மீட்டர் பார்ப்பது இரத்தத்தில். சென்சார் பார்ப்பது தோலுக்கு அடியில் திசுக்களுக்கு நடுவே இருக்கும் நீரில். சர்க்கரை இரத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். சுகர் வேகமாக ஏறும்போது சென்சார் குறைவாகவும், இறங்கும்போது கூடுதலாகவும் காட்டும். சாப்பிடாமல், ஓடியாடாமல் இருக்கும் நேரத்தில் இரண்டும் நெருங்கி வரும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த நேரம்தான் சரி.

மீட்டருக்கும் கொஞ்சம் விலகல் உண்டு. 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை, அதற்குக் கீழே 15 புள்ளி வரை விலகலாம் என்று மீட்டருக்கான சர்வதேசத் தரமே சொல்கிறது. ஆக 140-க்கும் 115-க்கும் சண்டை போட வேண்டாம். சென்சார் எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாதபோது, சென்சார் போட்ட முதல் நாளில், சென்சார் திரையில் அம்புக்குறி செங்குத்தாக ஏறும்போது இறங்கும்போது, விரலில் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாத்திரை விஷயமும் ஒன்று இருக்கிறது. மெட்ரானிக்கின் கார்டியன் சென்சார் போட்டவர்கள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிட்டால் சென்சார் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சென்சாரோடு இணைந்து தானாக ஓடும் ஆட்டோ பம்பு என்றால் அதை நம்பி இன்சுலினைக் கூட்டிவிடும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகையில் வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் சாப்பிட்டால் இதே தொல்லை வரலாம். அந்த நாட்களில் மீட்டரை நம்புங்கள்.

ஒரே விரல், ஒரே நிமிஷம். முதல்ல 260, மறுபடி பார்த்தா 130. மீட்டர் கெட்டுப்போச்சா?

முதலில் கையைக் கேளுங்கள். மாம்பழம் அறுத்த கை, பதநீர் ஊற்றிய கை, பிள்ளைக்கு மிட்டாய் பிரித்துக் கொடுத்த கை. விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணை இரட்டிப்பாக்கிவிடும். சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஈரம் இருந்தால் சொட்டு நீர்த்துப்போய் எண் குறையும். சானிடைசர் இனிப்பை எடுக்காது.

அடுத்து ஸ்ட்ரிப் டப்பா. நம் கடற்காற்றில் ஈரப்பதம் அதிகம். மூடியைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் ஸ்ட்ரிப் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்றை எடுத்ததும் டப்பென்று மூடுங்கள். பிரித்து வேறு டப்பாவில் போடுவது, பைக் டேங்க் கவரில் வைப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது மூன்றும் வேண்டாம்.

மச்சான் வெளிநாட்டுலேர்ந்து மீட்டர் கொண்டாந்தார். அதுல 6.2ன்னு காட்டுது. பயந்துட்டோம்.

சில நாடுகளில் மில்லிமோல் கணக்கு. வருகிற எண்ணை 18-ஆல் பெருக்குங்கள். 6.2 என்றால் 112 அளவில், நல்ல சுகர். அந்த மீட்டருக்கு ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். பம்பில் ஒரு கணக்கு, மீட்டரில் இன்னொரு கணக்கு என்று வீட்டில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. அரைத் தூக்கத்தில் குழப்பம் வரும்.

சுகர் 310. பம்புல கரெக்‌ஷன் போட்டேன். ரெண்டு மணி நேரமாச்சு, 330. இன்னும் கொஞ்சம் போடவா?

ஏறிய சுகரை இறக்கப் போடும் அந்த டோஸை (கரெக்‌ஷன்) பம்பில் இன்னொரு முறை போடாதீர்கள். எனக்கு வருகிற அழைப்புகளில் அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். பம்புத் திரையில் "4 யூனிட் கொடுத்தாயிற்று" என்று இருக்கும். அது பம்பை விட்டுப் போனது என்று மட்டும்தான் பொருள், உடம்புக்குள் போனது என்று அல்ல. செட் பழுதாகியிருந்தால் நீங்கள் போட்டதெல்லாம் சட்டையிலோ பிளாஸ்டரிலோ இறங்கியிருக்கும். "அடைப்பு" அலாரம் அடிக்கவில்லையே என்பார்கள். பேசல் குறைவாகப் போகும்போது அந்த அலாரம் வர மணிக்கணக்காகலாம். கசிந்தால், குழாய் வெளியே வந்துவிட்டால் அலாரமே வராது.

செய்ய வேண்டியது இது. 250-க்கு மேல் காரணம் புரியாமல் ஏறினால் கீட்டோன் பாருங்கள். பம்பில் ஒரு முறை கரெக்‌ஷன் போட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றாலோ, முதலிலேயே கீட்டோன் இருந்தாலோ, அடுத்த டோஸை இன்சுலின் பேனாவிலோ சிரிஞ்சிலோ தோலில் போடுங்கள். பிறகு பழைய செட்டை எடுத்துவிட்டு, புது இடத்தில் புது செட், புது ரிசர்வாயர் (பம்புக்குள் இன்சுலின் நிரப்பும் குப்பி), புது இன்சுலின். கழற்றிய செட்டைப் பாருங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, பிளாஸ்டருக்கு அடியில் ஈரமா, முகர்ந்தால் டிஞ்சர் மாதிரி மருந்து வாடை அடிக்கிறதா? இன்சுலினில் கலந்திருக்கும் பாதுகாப்பு மருந்தின் வாடை அது. வாடை வந்தால் கசிவு என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள்.

சிரிஞ்சில் போடுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். பம்பு இன்சுலின் 100 யூனிட் வகை. நம் ஊர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சு 40 யூனிட் வகைக்கானது. அதில் இந்த இன்சுலினை எடுத்தால் நினைத்ததைவிட இரண்டரை மடங்கு உள்ளே போகும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் வேண்டும். பம்புப் பையில் இரண்டு மூன்று போட்டு வையுங்கள், ராத்திரி 11 மணிக்குக் கடை தேட வேண்டாம்.

கீட்டோன்னா என்ன? சுகர் 200தான் இருக்கு, ஆனா பொண்ணு வாந்தி எடுக்குறா.

இன்சுலின் இல்லாதபோது உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அந்தக் கழிவு அமிலம்தான் கீட்டோன். இரத்தக் கீட்டோன் மீட்டரில் 0.6-க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 3-க்கு மேல் அவசரம். அந்த மீட்டர் இல்லாதவர்கள் சிறுநீர் ஸ்ட்ரிப் வாங்கி வைக்கலாம், விலை குறைவு.

சுகர் 200 என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சாப்பிடாமல் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குச் சுகர் பெரிதாக ஏறாமலே கீட்டோன் சேரலாம். "ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் பம்பை நிறுத்திவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நிறுத்தவே கூடாது. வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு வேகமாக இழுக்கிறது, வாயில் பழ வாடை வருகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மதுரை இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்து முடிவெடுங்கள்.

லோ ஆகும்போது கருப்பட்டி வாயில போட்டுக்கலாமா?

கையில் அதுதான் இருக்கிறது என்றால் பொடித்து வெந்நீரில் கரைத்துக் குடியுங்கள். கட்டியாகக் கடித்தால் கரைய நேரமாகும். அந்த நேரம் உங்களிடம் இல்லை. 70-க்குக் கீழே போனால் வேண்டியது வேகமாக ஏறும் 15 கிராம் சர்க்கரை. குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன் தண்ணீரில், அல்லது அதே அளவு சீனி. 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள், 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட், பால்கோவா, கடலை மிட்டாய் இதற்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

15 நிமிடத்துக்குள் சென்சாரைப் பார்த்துவிட்டு "ஏறலியே" என்று அடுத்த டம்ளரைக் குடிக்காதீர்கள். சென்சார் பின்தங்கும் என்று மேலே சொன்னது இங்கேதான் அதிகம் ஏமாற்றும். சுகர் இறங்குவதை முன்கூட்டியே பார்த்து இன்சுலினை நிறுத்துகிற ஆட்டோ பம்பு என்றால் பல நேரம் 5 முதல் 10 கிராமே போதும், ஏற்கெனவே அது நிறுத்தி வைத்திருக்கும்.

கருப்பட்டிக் காபி, பதநீர் எல்லாம் சுகரை ஏத்தாதுன்னு எங்க அப்பத்தா சொல்லுது. அதுக்கும் போலஸ் போடணுமா?

போட வேண்டும். பனைமரம் நம் மண்ணின் சொத்து, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். பதநீரும் அதே இனிப்புதான், காய்ச்சவில்லை என்பது மட்டும் வித்தியாசம். பனங்கற்கண்டு இன்னும் சுத்தமான சர்க்கரை. மாவுச்சத்துக் கணக்கில் கருப்பட்டியைச் சீனிக்குச் சமமாகவே வையுங்கள். இளநுங்கில் நீர்ச்சத்துதான் அதிகம், ஒன்றிரண்டு சாப்பிட்டால் பெரிதாக ஏறாது. பனங்கிழங்கு மாவுப் பொருள், அதற்குக் கணக்கு உண்டு. அப்பத்தாவிடம் சண்டை வேண்டாம், குடித்து 2 மணி நேரத்தில் மீட்டரைக் காட்டுங்கள்.

மீன் குழம்பு சோத்துக்குச் சரியா நிக்கிற சுகர், புரோட்டா சாப்பிட்டா நடுராத்திரி 280. ஏன்?

மீனில் மாவுச்சத்து கிடையாது. குழம்பில் கொஞ்சம், சோற்றில்தான் முழுக்கணக்கும். அந்தச் சோறு இரண்டு மணி நேரத்தில் ஏறி போலஸோடு சேர்ந்தே இறங்கிவிடும். புரோட்டாவும் சால்னாவும் அப்படி இல்லை. மைதாவோடு எண்ணெயும் கறியும் சேரும்போது வயிறு மெதுவாகத்தான் காலியாகும். முதல் இரண்டு மணி நேரம் சுகர் நல்லபடியாக இருக்கும், போலஸ் வேலையை முடித்துக்கொண்டிருக்கும், அப்புறம் 3 முதல் 5 மணி நேரத்தில் ஏற ஆரம்பிக்கும். கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பும் இப்படித்தான், கருப்பட்டியோடு தேங்காய்ப்பாலும் சேர்ந்தது அது.

பல பம்புகளில் போலஸைப் பிரித்துப் போடும் வசதி இருக்கிறது, பாதி இப்போது, மிச்சம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். ஆட்டோ முறையில் ஓடும்போது சில பம்புகளில் இது வேலை செய்யாது, பம்பே பார்த்துக்கொள்ளும். எந்த வகையானாலும் புரோட்டா நாளில் படுக்கும்முன் மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் ஒரு முறை பாருங்கள்.

ஏறுதுன்னு தெரிஞ்சதும் ஒரு மணிக்கு ஒருக்கா கரெக்‌ஷன் போட்டேன். விடியக்காலம் 48. பம்பு ஏன் தடுக்கல?

போட்ட இன்சுலின் 3, 4 மணி நேரம் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். முதல் டோஸ் தீரும் முன் இரண்டாவது, மூன்றாவது என்று போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். பம்பில் "செயலில் உள்ள இன்சுலின்" என்று ஒரு எண் இருக்கிறது. போலஸ் கணக்குப் போடும் திரை வழியாகப் போனால் பம்பு அதைக் கழித்துக்கொண்டு சொல்லும். அதை விட்டுவிட்டு நேரடியாக யூனிட்டைத் தட்டினால் பம்பு நீங்கள் சொன்னபடி கொடுத்துவிடும். இரண்டு மணி நேரமாகியும் சிறிதும் இறங்காத சுகர் வேறு விஷயம், அது மேலே சொன்ன செட் பழுதுக் கணக்கு.

ராத்திரி ரெண்டு மணிக்கு சென்சார் 52ன்னு கத்துது. குத்திப் பார்த்தா 118. தினமும் தூக்கம் போகுது.

எந்தக் கையில் சென்சார், எந்தப் பக்கம் படுக்கிறார் என்று பாருங்கள். சென்சார் மேல் உடம்பின் பாரம் விழுந்தால் அந்த இடத்தில் ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்கும். புரண்டு படுத்த சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். அடுத்த முறை மறு கையில் போடுங்கள். குத்திப் பார்க்காமல் "இது பொய் அலாரம்" என்று அணைப்பது மட்டும் கூடாது.

செட்டை எத்தனை நாளைக்கு ஓட்டலாம்? வேர்வையில பிச்சிக்கிட்டு வருது.

2 முதல் 3 நாள். இரும்பு ஊசி வகை 2 நாளுக்கு மேல் வேண்டாம். நாலாம் நாள் வரை இழுத்தால் காரணம் தெரியாமல் சுகர் ஏறும், தோலும் சிவந்து கட்டும். மாற்றியதும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஒருமுறை சுகர் பார்ப்பது கட்டாயம். புது செட் சரியாக உட்கார்ந்ததா என்று அதில்தான் தெரியும். அதனால் படுக்கும் நேரத்தில் மாற்றாதீர்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் மாற்றினால் போலஸும் அதன் வழியே போகும், பழுதிருந்தால் பகலிலேயே தெரிந்துவிடும்.

இன்சுலினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு நிரப்பாதீர்கள், ட்யூபில் காற்றுக்குமிழ் சேரும். வேர்வைக்கு: சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பவுடர் எண்ணெய் எதுவும் தடவாமல் ஒட்டுங்கள். மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். மேலே மருத்துவ டேப் ஒன்று போதும்.

சித்திரை வெயில்ல இன்சுலின் கெட்டுப்போகுமா? கரண்டும் இல்லன்னா?

திறந்த குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும். பம்புக்குள் இருப்பது 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள், பைக் பெட்டியில் அதற்கு மேல் சுலபமாகப் போய்விடும். கெட்ட இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். கலங்கியிருந்தாலோ நூல் மாதிரி மிதந்தாலோ நிச்சயம் தூக்கிப் போடுங்கள். தெளிவாக இருந்தும் செட் மாற்றிய பிறகு இறங்கவில்லை என்றால் குப்பியைச் சந்தேகப்படுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு மண்பானையில் ஈர மணல், அதற்குள் டப்பா என்பது நல்ல வழிதான். தண்ணீர் ஆவியாவதில் குளிர்கிறது அது. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் காற்று ஈரமாக இருக்கும் நாளில் அவ்வளவு குளிராது, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பம்பு பேட்டரி, ஸ்ட்ரிப், பேனா எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடணும். பம்போட போகலாமா?

பம்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். "வாட்டர் ப்ரூஃப் என்றார்களே" என்று கேட்பீர்கள். அந்தச் சான்று விரிசல் இல்லாத புதுப் பம்புக்கு, நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீர் வேறு கதை. அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுகி, பிறகு கோயிலுக்குள் கிணறு கிணறாக வாளித் தண்ணீர் தலையில் விழும். கூட்ட நாளில் வரிசையே மணிக்கணக்காகும்.

கிளம்பும் முன் சுகர் பாருங்கள். பம்பைக் கழற்றி, குளிக்காமல் வெளியே நிற்கும் வீட்டு ஆளிடம் உலர்ந்த துணியில் சுற்றிக் கொடுங்கள், மணலில் வைக்காதீர்கள். இன்சுலின் இல்லாமல் இருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வரிசை நீளம் என்றால் விட்டுப்போகும் பேசலுக்கு என்ன செய்வது என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். தரிசனத்துக்கு முன் எப்படியும் ஈரத்துணி மாற்றுவீர்கள், மாட்டவும் சுகர் பார்க்கவும் அதுதான் இடம். கையில் ஒட்டிய சென்சார் குளியலைத் தாங்கும், மேலே டேப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல போறார். இன்னிக்குப் போனா நாளைக்குக் காலையிலதான் கரை. என்ன செய்றது?

வலை இழுப்பது கடின உழைப்பு. அந்த நேரத்தில் மட்டுமல்ல, முடித்துப் படுத்த பிறகும் பல மணி நேரம் சுகரை இறக்கும். பம்பில் தற்காலிகமாகப் பேசலைக் குறைக்கலாம். வேலை தொடங்கிய பின் குறைத்தால் தாமதம், ஒரு மணி நேரம் முன்னாலேயே குறைக்க வேண்டும். எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். வலை போடும் முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கூடப் போகிறவர்களில் ஒருவருக்காவது லோ வந்தால் எப்படி இருக்கும், குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத கோபம் எல்லாமே படகில் வேறு காரணத்தாலும் வரும் என்பதால் பலர் கவனிப்பதில்லை.

கடலில் டவர் போய்விட்டால் உங்கள் ஃபோனில் அவருடைய சுகர் தெரியாது. அவருடைய சென்சாரும் பம்பும் டவர் இல்லாமலே பேசிக்கொள்ளும். ஆகவே உங்கள் திரை வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம். இன்சுலினை மீனுக்குக் கொண்டுபோகும் ஐஸில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீணானது, உருகினாலும் ஆகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நேர் எதிராக நடக்கும். உழைப்பு நின்றுவிடும், அதே பேசலில் சுகர் ஏறும். "ஒன்றும் மாற்றவில்லை, ஏன் ஏறுகிறது" என்று வைகாசியில் கேட்பார்கள். தடைக்காலத்துக்கென்று தனிப் பேசல் அட்டவணை பம்பிலேயே வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள், மதுரையில் இருப்பவருக்கு அது தானாகத் தெரியாது.

ரமலான் நோன்பு வைக்கலாமா லாத்தா? விரல்ல குத்துனா நோன்பு முறியுமா?

குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது. அதனால் பார்க்காமல் இருக்காதீர்கள். டைப் 1 உள்ளவர்கள் நோன்பு வைப்பது ஆபத்து அதிகமான வகையில் வருகிறது. ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, வைக்கலாமா, பகல் பேசலை எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

வைப்பவர்கள் சஹருக்கு முன், காலை, நண்பகல், அஸர் நேரம், நோன்பு திறக்கும் முன், திறந்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேல் போனாலும் மணி எதுவானாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். மக்ரிபுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் என்று பொறுக்காதீர்கள். நோன்புக் கஞ்சி அரிசிதான், பேரீச்சம்பழமும் சேர்ந்தால் போலஸ் கணக்கு பெரிதாகும்.

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் முடியும்வரை சாப்பிட மாட்டேன். பம்பை நிறுத்திடவா?

நிறுத்தக் கூடாது. பேசல் சாப்பாட்டுக்கானது அல்ல, சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு வேண்டும். போலஸ் மட்டும் இல்லை, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். லோ ஆனால் குளுக்கோஸ் குடித்துத்தான் ஆக வேண்டும். கடலில் முழுகுவதற்கு 22 தீர்த்தத்துக்குச் சொன்னதே.

துபாய் போறேன். ஏர்போர்ட்டுல பம்பைக் கழட்டச் சொல்வாங்களா?

டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். பல பம்பு, சென்சார் கம்பெனிகள் தங்கள் கருவியைப் பை சோதிக்கும் எக்ஸ்ரே மெஷினில் விட வேண்டாம் என்கின்றன. கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எந்தப் பம்பானாலும் கழற்றி வெளியே வைக்க வேண்டும். இன்சுலின், பேனா, ஸ்ட்ரிப் எல்லாம் கைப்பையில். விமானம் ஏறும்போது அழுத்தம் குறைந்து ட்யூபில் குமிழ் சேரலாம், ஏறி முடித்ததும் இறங்கியதும் ட்யூபைப் பாருங்கள், சுகரும் பாருங்கள்.

துபாய் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை. போய்ச் சேர்ந்ததும் பம்புக் கடிகாரத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் விடியற்காலைக்கென்று கூட்டி வைத்த பேசல் நடுராத்திரியிலேயே போகும்.

மயங்கி விழுந்துட்டா வீட்டுல உள்ளவங்க பம்பைப் புடுங்கிடணுமா?

சுகர் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஒரு நிமிட வேலைதான். குறைவாக இருந்தால் பம்பை நிறுத்துங்கள். நிறுத்தத் தெரியாவிட்டால் செட்டைத் தோலிலிருந்து உரித்து எடுத்துவிடலாம், ட்யூபைக் கத்தரிக்க வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சீனி, எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், டைப் 1 என்றும் பம்பு இருக்கிறது என்றும் முதலிலேயே சொல்லுங்கள். பார்க்க மீட்டரே கிடைக்கவில்லை என்றால் லோ என்றே வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள்.

சுகர் அதிகமாக இருந்தால் பம்பைக் கழற்றாதீர்கள். அதுவும் 108-தான். பம்பு, மீட்டர், இன்சுலின் குப்பி, கூடுதல் செட் நான்கையும் ஒரே பையில் போட்டு ஆம்புலன்ஸில் கூடவே அனுப்புங்கள். மருத்துவமனையில் பம்பு செட் இருப்பில் இருக்காது.